ஜப்பானோடு எவ்வளவு நெருக்கம்? தென் கொரியாவின் முன் இருக்கும் வழிகள்

2013 டிசம்பர். தெற்கு சூடானில் ஒரு நகரம், பெயர் போர். நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ, அதுதான் அன்று அங்கே நடந்துகொண்டிருந்தது. ஐ.நா. முகாமுக்குள் ஆயிரக்கணக்கான அகதிகள். அவர்களோடு ஹான்பிட் என்ற தென் கொரியப் படைப்பிரிவு. சாலை போடவும் மருத்துவம் பார்க்கவும் அனுப்பப்பட்ட பிரிவு அது. பெரிய சண்டைக்கு ஏற்பாடாக வந்ததில்லை. கிளர்ச்சிப் படை நெருங்கியபோது கையிருப்புத் தோட்டா போதாது என்று தெரிந்தது. கொரியர்களின் துப்பாக்கிக்குப் பொருந்தும் 5.56 மி.மீ. தோட்டா, தலைநகர் ஜூபாவில் இருந்த ஜப்பானியப் பொறியாளர் படையிடம் இருந்தது. அவர்கள் 10,000 தோட்டாக்களை ஐ.நா. வழியாகக் கொடுத்தார்கள்.

ஒரு நன்றியோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். முடியவில்லை. ஆயுத ஏற்றுமதி கூடாது என்ற தன் பழைய விதிக்கு விலக்கு அளித்து இதைச் செய்ததாக டோக்கியோ ஊரறிய அறிவித்தது. சோல் அரசுக்குச் சங்கடம். நாங்கள் ஐ.நா.விடம்தான் கேட்டோம், அதுவும் முன்னெச்சரிக்கைக்காகத்தான் என்றது. தோட்டா போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், டிசம்பர் 26 அன்று, பிரதமர் ஷின்சோ அபே யாசுகுனி ஆலயத்துக்குப் போனார். தண்டிக்கப்பட்ட போர்க் குற்றவாளிகளையும் சேர்த்து வணங்கும் இடம் அது. கொரியாவில் கோபம் கொதித்தது. அடுத்த மாதமே தோட்டாக்கள் திருப்பித் தரப்பட்டன.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இதே கதை எரிபொருள் வடிவில் வந்தது. தென் கொரிய விமானப்படையின் சாகசக் குழுவான பிளாக் ஈகிள்ஸ், 2025 நவம்பரில் துபாய் விமானக் கண்காட்சிக்குப் போகும் வழியில் ஒகினாவாவின் நாஹா தளத்தில் இறங்கி எரிபொருள் நிரப்புவதாக ஏற்பாடு. அதற்குச் சில நாட்கள் முன்னால் அந்தக் குழுவின் விமானம் ஒன்று டோக்டோ தீவுக்கு அருகே பறந்தது தெரியவந்தது. டோக்டோ கொரியாவின் கையில் இருக்கிறது. ஜப்பான் அதை டகேஷிமா என்று அழைத்து உரிமை கோருகிறது. எரிபொருள் கிடையாது என்று ஜப்பான் கைவிரித்தது. பதிலுக்கு, டோக்கியோவில் நடக்கும் ராணுவ இசை விழாவுக்குத் தன் குழுவை அனுப்பாமல் கொரியா நிறுத்திக்கொண்டது. இரு கடற்படைகளும் சேர்ந்து நடத்தவிருந்த தேடுதல், மீட்புப் பயிற்சியும் தள்ளிப்போனது.

தோட்டா, பெட்ரோல், இசை விழா. இவ்வளவு சின்ன விஷயங்களில்கூட இந்த உறவு தடுக்கி விழுகிறது என்றால், வட கொரியா உண்மையிலேயே ஏதாவது செய்யும் நாளில் என்ன ஆகும்? இந்தக் கவலைதான் என்னை இதை எழுத வைத்தது. ஜப்பானோடு பாதுகாப்பு உறவை எப்படி வைத்துக்கொள்வது என்று சோல் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வழிகள் சில இருக்கின்றன. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவற்றில் பெரும்பாலானவற்றை அந்த நாடு நடந்தே பார்த்துவிட்டது. அதனால் ஊகம் செய்யத் தேவையில்லை. நடந்ததை வைத்தே ஒப்பிடலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "ஜப்பான் வேண்டவே வேண்டாம்" என்பது கொரியாவுக்கு ஒரு வழியாகவே இல்லை. காரணம் புவியியல். சோல் நகரம் வட கொரிய எல்லையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது. தென் கொரியாவில் இருக்கும் அமெரிக்கப் படை 28,500 பேர். சண்டை மூண்டால் இவர்களுக்குப் பின்னால் வரவேண்டிய கப்பல், விமானம், குண்டு, மருந்து எல்லாம் ஜப்பான் வழியாகத்தான் வரும். யோகோட்டா, யோகோசுகா, ஜாமா, சாசெபோ, கடேனா, ஃபுடென்மா, ஒயிட் பீச் என்று ஜப்பானில் உள்ள ஏழு அமெரிக்கத் தளங்கள் இன்றைக்கும் ஐ.நா. படைத் தலைமையின் பின்தளங்களாக இருக்கின்றன. ராணுவ வட்டத்துக்கு வெளியே இதைப் பற்றி அதிகம் பேச்சே வருவதில்லை. கொரியப் போர் 1953இல் நின்றது. அந்தப் போருக்காகப் போட்ட ஏற்பாடு இன்னும் நிற்கிறது. ஆக, வாசலில் கொரியா என்றால் கொல்லைப்புறம் ஜப்பான். கொல்லைப்புறக் கதவின் சாவி யாரிடம், எப்போது திறக்கும் என்பதைப் பேசி வைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது.

இன்னொன்று ரேடார். வட கொரியா ஏவுகணையை விட்டால் அது கிளம்புவதைக் கொரிய ரேடார் முதலில் பார்க்கும். அப்புறம் அது கிழக்கே கடலுக்குள் தாழ்ந்து விழும்போது பூமியின் வளைவு மறைத்துவிடும். விழும் பகுதியை ஜப்பானியக் கப்பல்கள் தெளிவாகப் பார்க்கும். ஒருவரிடம் தலை, இன்னொருவரிடம் வால். இரண்டையும் சேர்த்தால்தான் முழுப் பாதையும் கிடைக்கும். சில சோதனைகளுக்குப் பிறகு இரு நாடுகளும் வெவ்வேறு தூரக் கணக்கை வெளியிட்டதற்கு இதுவே காரணம். 2017 ஆகஸ்ட்டில் ஒரு ஏவுகணை ஹொக்கைடோவின் தலைக்கு மேலேயே பறந்தது. 2022 அக்டோபரில் இன்னொன்று அவோமோரியைத் தாண்டியது. இந்த ஆபத்து இருவருக்கும் பொது.

சரி, இனி வழிகளைப் பார்ப்போம்.

வரலாற்றுக் கணக்கு தீரும்வரை பாதுகாப்பில் கை கோக்கக் கூடாது என்பது முதல் வழி. உணர்வு நியாயம் இதில்தான் அதிகம். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் காலனி. லட்சக்கணக்கானவர்கள் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் இழுத்துப் போகப்பட்டார்கள். 'ஆறுதல் பெண்கள்' என்று பெயர் சூட்டப்பட்டுப் பெண்கள் ராணுவத்தின் பாலியல் அடிமைகளாக வைக்கப்பட்டார்கள். 1991 ஆகஸ்ட் 14 அன்று கிம் ஹாக்-சுன் என்ற மூதாட்டி தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் நடந்ததைச் சொல்லும்வரை அந்த வலி வீட்டுக்குள்ளேயே புதைந்து கிடந்தது. 1965இல் பார்க் சுங்-ஹீயின் ராணுவ ஆட்சி ஜப்பானோடு உறவை இயல்பாக்கியபோது 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் கடனும் வந்தன. அந்தப் பணத்தில் பெரும்பகுதி தொழில் வளர்ச்சிக்குப் போனது, பாதிக்கப்பட்டவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது சொற்பம். எல்லாக் கோரிக்கைகளும் அன்றே முழுமையாகத் தீர்ந்துவிட்டன என்பது ஜப்பானின் வாதம்.

இங்கே ஒரே ஒரு விவரத்தைச் சொன்னால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். போர்க்காலத்தில் பள்ளிச் சிறுமிகளைப் படிக்க வைப்பதாக ஆசை காட்டி நகோயாவில் இருந்த விமான ஆலைக்குக் கூட்டிப் போனார்கள். கூலி கொடுக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, அவர்கள் பாட்டிகளான பிறகு, தாங்கள் அன்று ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்ததை ஒப்புக்கொள்ளும்படி கேட்டு ஜப்பானிய அரசிடம் மனு போட்டார்கள். 2009இல் பணம் வந்தது. ஆளுக்கு 99 யென். 1940களில் பிடித்த தொகையை அதே எண்ணில், இடையில் போன அறுபத்துச் சொச்ச ஆண்டுகளின் விலைவாசியைக் கணக்கில் எடுக்காமல் கொடுத்திருந்தார்கள். ஒரு காபிக்குக்கூடப் போதாத காசு. அந்தப் பாட்டிகளில் ஒருவர் பின்னாளில், பட்டினி கிடந்து செத்தாலும் பிச்சைக் காசு வாங்க மாட்டேன் என்றார். அதைப் படித்த பிறகு, "பழசையே ஏன் பேசுகிறீர்கள்" என்று கொரியர்களைப் பார்த்துக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் வழி என்று எடுத்துக்கொண்டால் இது எங்கே போய் முடிந்தது? 2018 அக்டோபர் 30 அன்று தென் கொரிய உச்ச நீதிமன்றம், நிப்பான் ஸ்டீல் நிறுவனம் நான்கு தொழிலாளர்களுக்கு ஆளுக்கு 10 கோடி வோன் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸுக்கு எதிராகவும் தீர்ப்பு. நிறுவனங்கள் கொடுக்கவில்லை. அந்த டிசம்பரில் கொரியப் போர்க்கப்பல் ஒன்று தன் ரோந்து விமானத்தின் மீது குறி பார்க்கும் ரேடாரைத் திருப்பியதாக ஜப்பான் குற்றம் சாட்டியது, கொரியா மறுத்தது. 2019 ஜூலையில் சிப் தயாரிப்புக்கு வேண்டிய மூன்று பொருட்களின் ஏற்றுமதிக்கு ஜப்பான் கிடுக்கிப்பிடி போட்டது. ஹைட்ரஜன் ஃபுளோரைடு, ஃபோட்டோரெசிஸ்ட், ஃபுளோரினேற்றிய பாலிஇமைடு. சாம்சங்கின் உயிர்நாடியைப் பார்த்துக் கை வைத்தார்கள். கொரிய மக்கள் ஜப்பானிய பீரையும் துணியையும் தூக்கி எறிந்தார்கள். அக்டோபர் மாதத்தில் கொரியாவுக்கான ஜப்பானிய பீர் ஏற்றுமதி ஏறக்குறைய பூஜ்ஜியத்தைத் தொட்டது.

ஆகஸ்ட்டில் சோல் தன் பங்குக்கு ஜிசோமியாவைக் கையில் எடுத்தது. ராணுவ ரகசியத் தகவல்களைப் பகிரும் ஒப்பந்தம் அது, 2016 நவம்பரில் கையெழுத்தானது. அதை நீட்டிக்க மாட்டோம் என்று அறிவித்துவிட்டு, காலாவதியாக ஆறு மணி நேரம் இருக்கும்போது அந்த முடிவை நிறுத்தி வைத்தது. அமெரிக்க அழுத்தம் தாங்கவில்லை. அந்த ஆண்டு முழுக்கப் பார்த்தால், பாட்டிகளுக்கு ஒரு யென்கூடக் கூடுதலாக வரவில்லை. வட கொரியாதான் வரிசையாக ஏவுகணை விட்டுப் பார்த்தது. நியாயம் கேட்பது சரி. பாதுகாப்பை அதற்குப் பணயமாக வைத்தால் நியாயமும் வருவதில்லை, பாதுகாப்பும் போகிறது என்பதை 2019 காட்டிவிட்டது.

இதற்கு நேர் எதிர்ப் பக்கம், அள்ளிக் கொடுத்து உறவை வாங்குவது. அதிபர் யூன் சுக் இயோல் போன வழி. 2023 மார்ச் 6 அன்று அவர் அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. ஜப்பானிய நிறுவனங்களுக்குப் பதிலாகக் கொரிய அறக்கட்டளையே இழப்பீட்டைக் கொடுத்துவிடும். 1965 பணத்தால் வளர்ந்த உருக்கு நிறுவனமான போஸ்கோ 400 கோடி வோன் போட்டது. குவளையில் பாதிக்கு மேல் நாங்கள் தண்ணீர் ஊற்றிவிட்டோம், மிச்சத்தை ஜப்பான் நிரப்பும் என்று நம்புகிறோம் என்றார் அன்றைய வெளியுறவு அமைச்சர். பத்தே நாளில் யூன் டோக்கியோவில் இருந்தார். ஜிசோமியா முழுதாக உயிர் பெற்றது. ஆகஸ்ட் 18 அன்று கேம்ப் டேவிட்டில் அமெரிக்க அதிபர் பைடன், ஜப்பானியப் பிரதமர் கிஷிடா, யூன் மூவரும் கூடி, நெருக்கடி வந்தால் கலந்து பேசுவது என்று உறுதி எடுத்தார்கள். டிசம்பர் 19 முதல் ஏவுகணை எச்சரிக்கைத் தகவல் மூன்று நாடுகளுக்கிடையே உடனுக்குடன் ஓடத் தொடங்கியது. தலையும் வாலும் முதல்முறையாகச் சேர்ந்தன. 2024 ஜூனில் ஃப்ரீடம் எட்ஜ் என்ற முத்தரப்புப் பயிற்சி. அதே மாதம், ஐந்தரை ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருந்த ரேடார் சண்டைக்கும் முடிவு: யார் பொய் சொன்னது என்ற கேள்வியை ஓரம் வைத்துவிட்டு, இனி நடக்காமல் பார்த்துக்கொள்வது என்று ஒத்துக்கொண்டார்கள்.

பாதுகாப்புக் கண்ணோட்டத்தில் மட்டும் பார்த்தால் இந்த ஒன்றரை ஆண்டில் நடந்தது அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளில் நடக்கவில்லை. அதை மறுக்கக் கூடாது. ஆனால் குவளையில் மிச்சத் தண்ணீர் விழவில்லை. வழக்கில் தோற்ற இரண்டு நிறுவனங்களும் காசு போடவில்லை. 2024 ஜூலையில் ஜப்பானின் சாடோ தங்கச் சுரங்கத்தை யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கக் கொரியா சம்மதித்தது, அங்கே உழைத்து மாண்ட கொரியர்களுக்கு நினைவுச் சடங்கு நடக்கும் என்ற பேச்சில். நவம்பரில் அந்தச் சடங்கு நடந்த விதம் பிடிக்காமல் கொரியத் தரப்பு புறக்கணித்துவிட்டு, பக்கத்திலேயே தனியாக அஞ்சலி செலுத்தியது. வீட்டுக்குள் யாரையும் கேட்காமல் எடுத்த முடிவுக்கு வெளியே மரியாதை கிடைக்கவில்லை. டிசம்பர் 3 அன்று யூன் ராணுவச் சட்டம் கொண்டுவந்து வீழ்ந்தபோது, எதிர்க்கட்சிகள் கொண்டுவந்த முதல் பதவிநீக்கத் தீர்மானத்தில், அவர் ஜப்பானை மையமாக வைத்த வினோதமான வெளியுறவுக் கொள்கையைப் பிடித்துக்கொண்டார் என்பதும் ஒரு குற்றச்சாட்டாக எழுதப்பட்டது. இரண்டாம் தீர்மானத்தில் அதை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்த முதல் வரைவு, யூனின் வழிக்கு வீட்டில் எவ்வளவு மேலோட்டமான வேர்தான் இருந்தது என்பதைச் சொல்லிவிட்டது.

ஒருவகையில் இது 2012இன் தொடர்ச்சி. அன்றைக்கு லீ மியுங்-பாக் அரசு ஜிசோமியாவை அமைச்சரவையில் சத்தமில்லாமல் நிறைவேற்றிவிட்டு, விஷயம் வெளியே தெரிந்து கொதிப்பு கிளம்பியதும், கையெழுத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லாதபோது பின்வாங்கியது. மூடிய அறைக்குள் எடுத்தால் இப்படித்தான்.

சீனாவின் பக்கம் சாய்ந்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. சாயாவிட்டாலும் நடுவில் நில்லுங்கள் என்பார்கள். 1992இல் தூதரக உறவு தொடங்கியபின் சீனாதான் கொரியாவின் மிகப் பெரிய வணிகக் கூட்டாளி ஆனது. வட கொரியா மீது யாருக்காவது பிடி இருக்கிறது என்றால் அது பெய்ஜிங்குக்குத்தான். பேச்சு தேவை. ஆனால் பாதுகாப்புக்கு அங்கே போய் நிற்க முடியாது என்பதைச் சீனாவே கற்றுக்கொடுத்தது. 2016இல் அமெரிக்காவின் தாட் ஏவுகணைத் தடுப்பை நிறுவ சோல் முடிவு செய்தது. இடம், சோங்ஜுவில் லோட்டே குழுமத்தின் கோல்ஃப் மைதானம். விளைவு என்ன தெரியுமா? 2017இல் சீனாவில் லோட்டே மார்ட் கடைகள் தீயணைப்பு விதி மீறல் என்று சொல்லி டஜன் கணக்கில் மூடப்பட்டன. கடைசியில் லோட்டே அந்தக் கடைகளை விற்றுவிட்டு வெளியேறியது. சுற்றுலாக் குழுக்கள் வருவது நின்றது. ஒரு தற்காப்புக் கருவிக்கு இவ்வளவு விலை என்றால், கொரியாவின் தற்காப்பைப் பற்றிய முடிவில் பெய்ஜிங்குக்கு வீட்டோ உரிமை கொடுப்பதுதான் நடுநிலை என்றாகிவிடும். 2025 நவம்பரில் தைவான் பற்றி ஜப்பானியப் பிரதமர் சனே தகாய்ச்சி சொன்ன பேச்சுக்காக, ஜப்பானுக்குப் போகாதீர்கள் என்று சீனா தன் மக்களுக்கு அறிவுறுத்தியதைப் பார்த்தபோது, கொரியர்களுக்கு 2017 ஞாபகம் வந்திருக்கும்.

சொந்தமாக அணுகுண்டு செய்துகொள்வது என்ற யோசனையை நான் அதிகம் நீட்டப் போவதில்லை. கருத்துக்கணிப்புகளில் பத்துப் பேரில் ஏழு பேர் அளவில் ஆதரிக்கிறார்கள் என்பது உண்மை. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. 2024 ஜூனில் ரஷ்யாவும் வட கொரியாவும் பரஸ்பர உதவி உடன்படிக்கை போட்டு, சில மாதங்களில் வட கொரிய வீரர்கள் உக்ரைனுக்கு எதிராக ரஷ்யாவின் குர்ஸ்க் களத்துக்கே போய்விட்டார்கள். அமெரிக்கா கடைசிவரை நிற்குமா என்ற சந்தேகம் வேறு. ஆனால் கொரியாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அணு உலைகளிலிருந்து வருகிறது, அதற்கான எரிபொருள் வெளியிலிருந்து வருகிறது. 1975இல் ஏற்றுக்கொண்ட அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை விட்டு வெளியேறினால் அந்தக் குழாய் அடைபடும். பக்கத்தில் ஜப்பானும் கை கட்டிக்கொண்டு இருக்காது. குண்டு வந்தபின் கிழக்கு ஆசியாவில் இன்னும் அதிகமான குண்டுகள்தான் இருக்கும்.

மிஞ்சுவது இரட்டைத் தடம். வரலாற்றை ஒரு தடத்தில் விடாமல் பேசுவது, பாதுகாப்பையும் வணிகத்தையும் இன்னொரு தடத்தில் ஓடவிடுவது. ஒன்றில் வண்டி நின்றால் மற்றதை நிறுத்தாமல் இருப்பது. கேட்க எளிது, செய்யக் கடினம். இதற்கு முன்மாதிரி 1998 அக்டோபரில் கொரிய அதிபர் கிம் டே-ஜுங்கும் ஜப்பானியப் பிரதமர் ஒபுச்சி கெய்சோவும் வெளியிட்ட கூட்டறிக்கை. காலனி ஆட்சிக்கு ஆழ்ந்த வருத்தத்தையும் மனமார்ந்த மன்னிப்பையும் ஒபுச்சி எழுத்தில் தந்தார். கிம் அதை ஏற்றுக்கொண்டு, போருக்குப் பிந்தைய ஜப்பான் அமைதி வழியில் நடந்ததை மதித்தார். அதுவரை தடுத்து வைத்திருந்த ஜப்பானியப் பண்பாட்டுக்குக் கொரியா கதவைத் திறந்தது. நான்கு ஆண்டுகளில் இரு நாடுகளும் சேர்ந்து உலகக் கோப்பைக் கால்பந்து நடத்தின.

இன்றைய அதிபர் லீ ஜே-மியுங் இந்த வழிக்கு வந்தது எனக்கு நம்பிக்கை தருகிறது. அவர் ஜப்பானோடு நெருக்கத்தை எதிர்த்த பக்கத்திலிருந்து வந்தவர் என்பதே காரணம். 2022இல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது முத்தரப்புப் பயிற்சியை "தீவிர ஜப்பான் ஆதரவு" என்று தாக்கியவர். 2025 ஜூனில் பதவிக்கு வந்ததும், முந்தைய அரசுகள் ஜப்பானோடு செய்த உடன்பாடுகளைக் கவிழ்க்க மாட்டேன் என்றார். ஆகஸ்ட் 23 அன்று வாஷிங்டனுக்கு முன்பே டோக்கியோவுக்குப் போய் அன்றைய பிரதமர் இஷிபாவைச் சந்தித்தார். முதல் இருதரப்புப் பயணமாக ஒரு கொரிய அதிபர் ஜப்பானைத் தேர்ந்தெடுத்தது 1965க்குப் பிறகு அதுவே முதல்முறை. டிரம்பின் வரிகளும் இருவரையும் நெருக்கியிருக்கும். ஜப்பான் 550 பில்லியன் டாலர், கொரியா 350 பில்லியன் டாலர் முதலீட்டுக்கு வாக்குக் கொடுத்துத்தான் 15 சதவீத வரியில் நிறுத்த முடிந்தது. ஒரே புலியிடம் சிக்கிய இருவர் பேசிக்கொள்வது இயல்பு. 2026 ஜனவரியில் லீ பெய்ஜிங்கில் ஷி ஜின்பிங்கைப் பார்த்துவிட்டு, ஒரு வாரத்தில் தகாய்ச்சியின் சொந்த ஊரான நாராவுக்குப் போனார். சீனாவோடு பேச்சையும் ஜப்பானோடு பாதுகாப்பையும் ஒன்றுக்கொன்று விலையாக வைக்காமல் நடத்தலாம் என்பதை அந்த இரண்டு வாரங்கள் காட்டின.

எரிபொருள் விவகாரத்துக்கே வருவோம். நவம்பரில் அறுந்த கயிறு 2019 போல வருடக்கணக்கில் தொங்கவில்லை. ஜனவரி கடைசியில் பிளாக் ஈகிள்ஸ் சவூதி அரேபியாவுக்குப் போகும் வழியில் நாஹாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டது. தள்ளிப்போன மீட்புப் பயிற்சியைத் திரும்பத் தொடங்கவும் பாதுகாப்பு அமைச்சர்கள் ஒத்துக்கொண்டார்கள். மூன்று மாதத்தில் சரிசெய்ய முடிந்தது.

ஆனாலும் ஒவ்வொரு முறையும் தனியாகக் கெஞ்சிக் கேட்டு, தனியாக அனுமதி வாங்கி எரிபொருள் நிரப்புவது எத்தனை நாளைக்கு? இதற்கென்றே ஒரு ஒப்பந்த வகை இருக்கிறது. உணவு, எரிபொருள், போக்குவரத்து, மருத்துவ உதவி போன்றவற்றை இரு ராணுவங்கள் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிக்கொள்ளும் அக்சா. ஜப்பான் அதை அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், பிரான்ஸ், கனடா உள்ளிட்ட நாடுகளோடு போட்டிருக்கிறது. இந்தியாவோடும் 2020 செப்டம்பரில் போட்டது. சென்னைக்கு வரும் ஜப்பானியக் கப்பலுக்கு இருக்கும் வசதி, கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் கொரியாவின் பூசான் துறைமுகத்தில் இல்லை. ஜப்பானிய ராணுவம் கொரிய மண்ணில் கால் வைக்க அது கதவு திறந்துவிடும் என்பது கொரியர்களின் அச்சம். 35 ஆண்டுகள் அனுபவித்தவர்களின் அச்சத்தை வீண் பயம் என்று தள்ள நான் தயாரில்லை.

முழுக் கூட்டணி ஒப்பந்தம் வேண்டும் என்று வாதிடுபவர்களோடு நான் பிரிவது இங்கேதான். அது இன்றைக்குத் தாங்காது. யூன் கட்டியதைவிட வேகமாக இடியும். அதற்குப் பதில், எல்லை போட்ட ஒரு அக்சா போதும். மூன்றாம் நாடுகளில் குடிமக்களை மீட்பது, பேரிடர், ஐ.நா. அமைதிப் பணி, கடலில் தேடுதல், போகும் வழியில் எரிபொருள். இவ்வளவுதான். கொரியத் தீபகற்பத்துக்குள் ஜப்பானியப் படை வருவதற்கு இது பொருந்தாது, கொரிய அரசின் சம்மதம் இல்லாமல் எதுவும் கிடையாது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். 2012 போல ஒளித்து வைக்காமல் நாடாளுமன்றத்தில் வைத்து, எதிர்ப்பவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து நிறைவேற்ற வேண்டும்.

இதற்கு நல்ல அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2023 அக்டோபரில் இஸ்ரேலில் சண்டை வெடித்தபோது, டெல் அவிவிலிருந்து தன் மக்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய கொரிய விமானப்படை விமானத்தில் 51 ஜப்பானியர்களும் ஏறி சோலுக்கு வந்தார்கள். ஒரு வாரத்தில் ஜப்பானிய விமானம் கொரியர்களை ஏற்றிக்கொண்டு வந்தது. காலி இருக்கையில் யார் உட்கார்ந்தால் என்ன என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. 2024 செப்டம்பரில் அதையே இரு அரசுகளும் ஒரு புரிந்துணர்வாக எழுதிக்கொண்டன. 2013இல் தோட்டாவுக்காக முகம் திருப்பிக்கொண்ட அதே இரு நாடுகள்தான் இவை.

இரட்டைத் தடத்தில் எனக்கு இருக்கும் பயம் ஒன்றே ஒன்று. பாதுகாப்புத் தடம் நன்றாக ஓடினால், வரலாற்றுத் தடத்தில் புல் முளைக்க விட்டுவிடுவார்கள். சாடோ சடங்கை 2025இலும் கொரியா புறக்கணிக்க வேண்டியிருந்தது. நிப்பான் ஸ்டீலும் மிட்சுபிஷியும் அறக்கட்டளைக்குக் காசு போடாமல் இருக்கும்வரை, அடுத்த தேர்தலில் யாராவது ஒருவர் இதே நெருப்பை மூட்டலாம். ஜப்பான் செய்ய வேண்டியது இங்கே மிச்சம் இருக்கிறது. கொரியா மட்டும் வளைந்து கொடுத்தால் போதாது. வழக்குப் போட்டவர்களில் பலர் போய்விட்டார்கள், இருப்பவர்கள் நூறை நெருங்குகிறார்கள். நேரம் அதிகம் இல்லை.

அதனால்தான் நாரா சந்திப்பில் மற்ற அறிவிப்புகளைவிட ஒரு சின்ன விஷயம் என் கண்ணில் நின்றது. யாமாகுச்சி மாநிலத்தில் உபே என்ற ஊரின் கடற்கரையில் நின்று பார்த்தால், தண்ணீருக்கு மேலே இரண்டு கான்கிரீட் தூண்கள் தெரியும். கடலுக்கு அடியில் இருந்த சோசேய் நிலக்கரிச் சுரங்கத்தின் காற்றுப் போக்கிகள் அவை. 1942 பிப்ரவரி 3 காலையில் கடல் உள்ளே புகுந்து 183 பேர் இறந்தார்கள். அவர்களில் 136 பேர் கொரியர்கள். உடல்களை யாரும் எடுக்கவில்லை. ஜப்பானியக் குடிமக்கள் குழு ஒன்று பணம் திரட்டி, மூடிய வாயிலைத் தோண்டி, முக்குளிப்பவர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. 2025 ஆகஸ்ட்டில் கொரிய முக்குளிப்பாளர்கள் அந்த இருட்டிலிருந்து எலும்புகளை எடுத்து வந்தார்கள். அவை யாருடையவை என்று டி.என்.ஏ. சோதனை செய்ய இரு அரசுகளும் ஒத்துழைக்கும் என்று லீயும் தகாய்ச்சியும் நாராவில் ஒத்துக்கொண்டார்கள். ரேடார் தகவல் நொடிகளில் போகிறது. இந்த எலும்புகள் தங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர எத்தனை மாதம் ஆகிறது என்பதையும் நான் சேர்த்தே எண்ணிக்கொண்டிருக்கிறேன்.